இப்போது என்ன படிக்கிறீர்கள்? ஊரில் மாதம் ஒரு வாசிப்புக் கூடுகை நடத்த முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் காவிரிக் கடைமடையில் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிளை நூலகம் உண்டு. அதன் செய்தித்தாள் அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடி, அவரவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். நாலு வருஷமாக விடாமல் நடக்கிறது. வேறு ஊர் நண்பர்கள் பலர் “நாங்களும் ஆரம்பிக்கணும், எப்படின்னு சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. முடித்த புத்தகம் வேண்டாம், இப்போது கையில் இருக்கும் புத்தகம்தான் வேண்டும். முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச எழுந்தால் நாம் எல்லாருமே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். அருமையான நாவல், கட்டாயம் படிக்க வேண்டும் என்கிறோம். கேட்பவர் தலையாட்டுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும். பாதிப் புத்தகத்தில் நிற்பவரிடம் தீர்ப்பு இருக்காது. சந்தேகம் இருக்கும், எரிச்சல் இருக்கும், அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு இருக்கும். அதைக் கேட்கிற யாருக்கும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லத் தோன்றும். எங்கள் கூடுகை நின்றுபோகாமல் இருப்பதற்கு இந்த ஒரு விதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் மூன்று பேர்

பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று பேர் போதும். எங்கள் முதல் கூடுகையில் நான், நூலகர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவ்வளவுதான். தபால்காரர் அன்று ஒரு பயண நூல் கொண்டுவந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஆள் தேட வேண்டிய முதல் இடம் நூலகம். வாரம் இரண்டு தடவை வருபவர் யார், தடித்த நாவலாகப் பார்த்து எடுப்பவர் யார் என்பதெல்லாம் நூலகருக்குத் தெரியும். ஆனால் அவரிடம் பெயரும் போன் நம்பரும் கேட்காதீர்கள். யார் என்ன படிக்கிறார் என்பது அவரவர் சொந்த விஷயம். அதற்குப் பதில் கையால் எழுதிய சீட்டுகள் இருபது கொடுத்து, பொருத்தமானவர் என்று அவருக்குத் தோன்றுபவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படிச் சீட்டு வாங்கி வந்தவர்கள்.

அடுத்து, கண்ணில் படுபவர்கள். பேருந்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர், மருந்துக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் வாரப் பத்திரிகை புரட்டும் பையன், பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது படிக்கும் அம்மா. “என்ன படிக்கிறீங்க?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரும்பாலோர் அட்டையைத் திருப்பிக் காட்டுவார்கள்.

பல கிளை நூலகங்களில் ஏற்கெனவே வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. உங்கள் ஊரில் இருந்தால் அதன் தலைவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர்கள் நடத்தும் விழாக்களுக்கு நீங்கள் போங்கள், உங்கள் கூடுகைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

இடமும் நேரமும்

நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கே இடம் கேட்பதற்குத் தயங்கவும் வேண்டாம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். அதன்படி, நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. நம் வரியில் நடக்கும் இடம் அது. நூலகரிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். என்ன நாள், எத்தனை மணி, எத்தனை பேர், கட்டணமோ வசூலோ கிடையாது என்பதை எழுதினால் போதும். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை வாசல் பலகையில் பார்த்துக்கொண்டு நாளைக் குறியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், பூங்கா, யார் வீட்டு மாடியாவது. துணிக்கடை மாடியிலும் இரண்டு மாதம் நடத்தியிருக்கிறோம்.

நேரத்தில் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். முதல் ஆறு மாதம் மாலை 6 மணிக்கு வைத்தோம். பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. ஒரு நாள் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டதற்கு, “ஆறு மணிக்கு வந்தா ராத்திரிச் சாப்பாட்டை யார் செய்யறது? மூணுக்கு வைங்க, அஞ்சுக்குள்ள விட்டுருங்க” என்றார். மூன்றுக்கு மாற்றினோம். அடுத்த மாதமே நாலு பெண்கள் வந்தார்கள். இன்றைக்குக் கூட்டத்தில் பாதிக்குமேல் பெண்கள்தான். உங்கள் ஊருக்கு எந்த நேரம் சரி என்பதை, வர முடியாமல் இருப்பவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வந்துகொண்டிருப்பவர்களைக் கேட்டால் இருக்கிற நேரமே சரி என்றுதான் சொல்வார்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மைக், மேடை, பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம். சிறப்பு விருந்தினர் என்று ஒருவரை உட்காரவைத்தால் மற்றவர்கள் கேட்கும் ஆட்களாகிவிடுவார்கள். எழுத்தாளர் யாராவது வர விரும்பினால் அவரும் ஒரு புத்தகத்தோடு வந்து, தன் முறை வரும்போது, தான் படிப்பதைப் பற்றிப் பேசட்டும். டீக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக்கொள்கிறோம். போட முடியாதவரை யாரும் கேட்பதில்லை. வேறு செலவே கிடையாது.

அழைப்பு

அழைப்பில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். என்ன கொண்டுவருவது, எவ்வளவு நேரம் பேசுவது, பேசாமலும் இருக்கலாம் என்பது. நாங்கள் அனுப்புவது இதுதான்:

“ஞாயிறு மதியம் 3 மணி, கிளை நூலகம். இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். எந்தப் புத்தகமானாலும் சரி, எத்தனை பக்கம் படித்திருந்தாலும் சரி. ஐந்து நிமிடம் பேசலாம். பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டிருக்கலாம்.”

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். மேடைக் கூச்சத்தால் வராமல் இருப்பவர்கள் அந்த ஒரு வரியை நம்பித்தான் கிளம்புகிறார்கள்.

பேசும் முறை

இதுதான் கூடுகையின் உயிர். பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவர் முறை வந்ததும் அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். புத்தகத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்வது. எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்வது. அந்தப் புத்தகம் கைக்கு எப்படி வந்தது என்று சொல்வது. அப்புறம் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிப்பது. கடைசியாக, இப்போது எங்கே சிக்கி நிற்கிறார், அல்லது எதற்காகத் தொடர்ந்து படிக்கிறார் என்று இரண்டு வார்த்தை.

பக்க எண்ணைச் சொல்லச் சொல்வதில் ஒரு நன்மை இருக்கிறது. “நான் 40-ஆம் பக்கத்தில்தான் இருக்கிறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், முழுப் புத்தகத்துக்கும் விமர்சனம் சொல்லும் பாரம் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். ஏற்கெனவே படித்தவர்களும் 40-ஆம் பக்கத்துக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று புரிந்துகொள்வார்கள். கதையைப் போட்டு உடைக்கிற சண்டை எங்கள் கூடுகையில் இதுவரை வந்ததில்லை.

புத்தகம் கைக்கு வந்த கதையைச் சிலர் தேவையில்லாத பேச்சு என்று நினைப்பார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, பிரிந்துபோன நண்பர் திருப்பி வாங்காமல் விட்டது, புத்தகக் காட்சியில் தள்ளுபடிக்கு வாங்கி மூன்று வருஷம் பிரிக்காமல் வைத்திருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பேசத் தெரியாது என்று சொல்பவர்கூட இதைச் சரளமாகச் சொல்வார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கூச்சம் போய்விடும்.

வாய்விட்டுப் படிப்பது நம் ஊர்களுக்குப் பழக்கமான காரியம். டீக்கடையில் ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்க, சுற்றி நாலு பேர் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திண்ணையில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ஒருவர் படிக்க, தெருவே கூடிக் கேட்ட காலமும் இருந்தது. அரைப் பக்கம் படித்தால் போதும். எழுதியவரின் நடையை அந்த அரைப் பக்கமே காட்டிவிடும், நாம் எவ்வளவு புகழ்ந்தாலும் அது வராது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். முன்னே சொன்ன தையல் கடை அக்கா உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்துக்கொண்டிருந்தார். நூலகப் புத்தகம், காக்கி அட்டை போட்டது. பக்கம் அடையாளத்துக்குப் பச்சை ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வைத்திருந்தார், ஓரம் பல்லுப் பல்லாக வெட்டியது. தன் முறை வந்ததும் புத்தகத்தைப் பிரித்து, துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலை வரியோடு நகர்த்தி ஒரு பத்தி படித்தார். உ.வே.சா.வுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நோயில் படுத்திருக்கிற இடம். படித்துவிட்டுச் சொன்னார்: “பத்து நாளா இந்தப் பக்கத்துலதான் இருக்கேன். அடுத்து இறந்துபோவாருன்னு தெரியுது. பக்கத்தைத் திருப்ப மனசு வரலை.”

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தபால்காரர், “மாயவரத்துக்குப் பக்கமெல்லாம் நான் தபால் கொண்டுபோன ஊர்தான்” என்று ஆரம்பித்தார். உ.வே.சா. பாடம் கேட்ட மாயூரம், திருவாவடுதுறை எல்லாம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்து தூரம். அன்றைக்குப் பேச்சு ஆசிரியர், மாணவர் என்று போய், ஒவ்வொருவரும் தங்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லும்படி ஆகிவிட்டது. அடுத்த மாதம் அக்கா வந்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, “திருப்பினீங்களா?” திருப்பியிருந்தார். 1876-ல் பிள்ளையவர்கள் கடைசி மூச்சு விடும்போது பக்கத்தில் இருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படித்தவர் உ.வே.சா. தான். “படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே போயிருக்காரு” என்று மட்டும் சொல்லி அக்கா உட்கார்ந்துவிட்டார்.

நாலே மாதத்தில் அந்தப் புத்தகத்தை எங்களில் ஐந்து பேர் படிக்க ஆரம்பித்துவிட்டோம். யாரும் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

கேள்வி கேட்பது எப்படி

ஒருவர் பேசி முடித்ததும் இரண்டு கேள்விக்கு இடம் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். “இந்தப் புத்தகம் என்ன சொல்ல வருகிறது?” என்பது பரீட்சைக் கேள்வி, எல்லாரும் வாயடைத்துப்போவார்கள். “எந்த நேரத்தில் படிக்கிறீர்கள்?”, “எந்தப் பக்கத்தில் நிறுத்தி யோசித்தீர்கள்?”, “யார் பேசுவது உங்கள் காதில் கேட்கிறது?” மாதிரி கேட்டால் பதில் தானாக வரும்.

நல்ல கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அதே புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. அக்காதான் இன்னொரு மாதம் கொண்டுவந்து படித்தார். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று நீளமாக அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்த ஒரு கேள்வி உ.வே.சா.வைச் சுவடிகளின் பக்கம் திருப்பிவிட்டது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் வந்தன.

இதில் இன்னொன்றும் உண்டு. சிந்தாமணியில் புரியாத இடங்களோடு தவித்துக்கொண்டிருந்த உ.வே.சா. கும்பகோணத்து ஜைனர் வீடு ஒன்றுக்குப் போகிறார். அங்கே அவர்கள் கூடி உட்கார்ந்து சிந்தாமணியைப் படித்துக் கேட்டு, அன்றைக்குத்தான் முடித்திருக்கிறார்கள். கல்லூரியில் கிடைக்காத விளக்கம் கூடிப் படித்தவர்கள் வீட்டில் கிடைத்தது. எங்கள் கூடுகைக்கு முன்னோர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டாரைத்தான் சொல்வேன்.

சங்கடமான நேரங்கள்

நீளமாகப் பேசுபவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். நல்ல மனிதராகவும் இருப்பார். நாங்கள் மேசையில் ஒரு மணற்கடிகாரம் வைத்திருக்கிறோம், ஐந்து நிமிடத்துக்கு. மணல் தீர்ந்ததும் யாரும் எதுவும் சொல்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துத் தன் முன்னால் கவிழ்த்து வைத்துக்கொள்வார். கடிகாரம் கிடைக்காவிட்டால் போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக் கதையையும் சொல்ல ஆரம்பிப்பவரிடம், “அந்த இடத்தைப் படிச்சே காட்டுங்களேன்” என்று கேளுங்கள். உடனே புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

“இதெல்லாம் ஒரு புத்தகமா?” என்ற பேச்சு வந்தால் மட்டும் நடத்துபவர் அங்கேயே தலையிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருமுறை, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் முகம் சுளித்தார். தம்பி புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் போனார். நூலகர், “எந்தப் பாடம் தம்பி? படிங்க” என்றார். அவர் ஒரு செய்யுளைப் படித்து, பதினாறு வயதில் மனப்பாடம் செய்தபோது புரியாத ஒரு சொல் இப்போது புரிந்ததைச் சொன்னார். முகம் சுளித்தவரே அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்து வயல்வேலையில் இன்னும் இருக்கும் பொருளை எடுத்துச் சொன்னார். சமையல் குறிப்பு, பாக்கெட் நாவல், வாரப் பத்திரிகைத் தொடர், சிறுவர் கதை, ஆங்கிலப் புத்தகம், காதில் கேட்கும் ஒலிப்புத்தகம், எல்லாம் வரட்டும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் தன் நூலக விதிகளை 1931-ல் எழுதியபோது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதையும் ஒரு விதியாக வைத்தார். சீர்காழியில் பிறந்தவர், எங்கள் பக்கத்து மனிதர். அந்த விதியை அட்டையில் எழுதி அறையில் ஒட்டியிருக்கிறோம்.

இந்த மாதம் ஒன்றுமே படிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்காதீர்கள். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம், அறுவடையாக இருக்கலாம். கடைசியாக எதில் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் போதும். அந்தப் புத்தகமும் அவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம்தான்.

சாதி, கட்சி என்று பேச்சு சூடாகும் நேரம் வரும், வரத்தான் செய்யும். புத்தகத்தில் இருக்கும் வரியைப் படித்து அதிலிருந்து பேசுவது என்று வைத்துக்கொண்டால் கைமீறிப் போகாது. வரி இல்லாத வாதம் டீக்கடைக்குப் போகட்டும்.

நோட்டு

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பெயர், புத்தகம், எழுதியவர், பக்கம், சொன்னதில் ஒரு வரி. ஆறே பத்திகள். எழுதும் வேலையை மாதம் ஒருவராகச் சுற்றுக்கு விடுங்கள், கையெழுத்து மாறுவதே அழகாக இருக்கும். ‘சொன்னதில் ஒரு வரி’ என்பதை அவர் பேசியபடியே எழுதச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் ஒரு நடத்துநர் சொன்னதாக, “கடைசி டிரிப்புல மூணு பக்கம்தான் முடியுது, ஆனா அந்த மூணு பக்கத்தை மறுநாள் சாயந்தரம் வரைக்கும் வச்சிருப்பேன்” என்று இருக்கிறது. இதைச் செந்தமிழாக்கியிருந்தால் இன்றைக்கு யார் சொன்னது என்றே தெரிந்திருக்காது.

ஒரு வருஷம் கழித்து ஒருவருடைய வரிகளை மட்டும் கோத்துப் பார்த்தால் அவர் எங்கிருந்து எங்கே போயிருக்கிறார் என்பது தெரியும். இரண்டு பாகம் துப்பறியும் நாவலில் ஆரம்பித்து கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ வழியாக நாட்டார் கதைத் தொகுப்புகளுக்குப் போனவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். தான் போன வழியை நோட்டில் பார்த்துத்தான் அவரே தெரிந்துகொண்டார்.

இரவல்

புத்தகம் கைமாறாமல் கூடுகை வளராது. நோட்டின் பின்பக்கத்தில் இரவல் கணக்கு எழுதுங்கள்: யாருடையது, யார் எடுத்தது, எந்தத் தேதி. வாங்கியவர் கையெழுத்து அவசியம். நாங்கள் இதை இரண்டாம் வருஷம்தான் ஆரம்பித்தோம். அதற்குள் என்னுடைய பழைய பதிப்பு ஒன்று, தாத்தா கையெழுத்து உள்ளது, எங்கேயோ போய்விட்டது. இன்னும் அந்த இடம் அலமாரியில் காலியாக இருக்கிறது. திரும்பி வராவிட்டால் தாங்க முடியாத புத்தகத்தைக் காட்ட மட்டும் கொண்டுவாருங்கள், கொடுக்காதீர்கள்.

இருவருக்கு ஒரே புத்தகம் வேண்டுமென்றால் முதலில் நூலகத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் வாங்க வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.

பி.டி.எஃப். விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் புத்தகத்தை ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் சுற்றவிட்டால், நாம் கொண்டாடுகிறவரின் வருமானத்திலேயே கைவைக்கிறோம். முறையாக இலவசமாகக் கிடைப்பதே நிறைய இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்நூல் தொகுப்பில் சங்க நூல்களிலிருந்து பாரதி வரை படிக்கலாம். அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடுங்கள். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற மின்நூலகம் இருக்கிறது. கண் மங்கிய ஒரு பெரியவர் எங்கள் கூட்டத்தில் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு திருக்குறள் உரைகள் படிக்கிறார்.

வாட்ஸாப் குழு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கமும் பார்வர்டும் கூடாது. படிக்கிற பக்கத்தின் படம், அதோடு ஒரு வரி, அவ்வளவுதான் போடலாம்.

வருஷம் முழுக்க ஓட்டுவது

ஆட்கள் குறையும் மாதங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. தை பிறந்ததும் அறுவடை, கல்யாணம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை. ஒரு நவம்பரில் நானும் நூலகரும் மட்டும்தான் இருந்தோம். நடத்தினோம், நோட்டிலும் எழுதினோம். தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த மாதம் “இந்தத் தடவை இருக்கா?” என்று எல்லாரும் கேட்க ஆரம்பிப்பார்கள்.

சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா, இப்போது மாவட்டந்தோறும் வேறு நடக்கிறது. போகிறவரிடம் எல்லாரும் தங்கள் பட்டியலைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். புதுப் புத்தகங்கள் வந்திறங்கும் மாதத்துக் கூடுகையில் மட்டும் மணற்கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்துக் கிராமம் ஏதாவது ஒன்றில் கூடுகிறோம். இரண்டு பை நிறையப் புத்தகம் எடுத்துப் போவோம். இந்த வட்டாரத்துக்கு இது புதிது இல்லை. 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். நாங்கள் ஷேர் ஆட்டோவில் போகிறோம்.

போன ஆவணியில் தையல் கடை அக்கா ‘என் சரித்திரம்’ கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, எத்தனையோ தடவை புதுப்பித்து எடுத்த புத்தகம். அது 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். 1942-ல் உ.வே.சா. காலமானபோது 122 அத்தியாயங்களோடு அப்படியே நின்றுவிட்டது. அன்று நோட்டு எழுதும் முறை நூலகருக்கு. பக்கம் என்ற இடத்தில் ‘முடித்தது’ என்று எழுதப் போனார். அக்கா தடுத்து, “அவரே முடிக்கலையே, கடைசிப் பக்க நம்பரை மட்டும் போடுங்க” என்றார். நம்பரைப் போட்டோம். பச்சைத் துணித் துண்டை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் புத்தகத்தை நூலகரிடம் கொடுத்தார். இப்போது வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.